மலையை உடைத்தவரும் டெல்லிக்குத்தான் போனார்



சிவில் பிரிவு நண்பர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாறை மலை. அதன் குறுக்கே 110 மீட்டர் நீளத்துக்கு, 9 மீட்டர் அகலத்துக்குப் பாதை வெட்ட வேண்டும். ஆழம் சில இடங்களில் ஏழரை மீட்டர். ஜேசிபி கிடையாது. கம்ப்ரசர் கிடையாது. வெடிமருந்து கிடையாது. ஒரு சுத்தியல், ஒரு உளி, ஒரே ஒரு ஆள். எஸ்டிமேட் போட்டுச் சொல்லுங்கள், எத்தனை நாள் ஆகும்?

விடை: 22 வருஷம்!

இது பரீட்சைக்கு வந்த கேள்வி அல்ல. பீகார் மாநிலம் கயா மாவட்டத்தில் கெஹ்லோர் என்ற கிராமத்தில் நிஜமாகவே நடந்தது. செய்தவர் தசரத் மாஞ்சி என்ற கூலித் தொழிலாளி. அவருடைய மனைவி பல்குனி தேவி மலைப்பாதையில் விழுந்து அடிபட்டார். டாக்டர் இருந்த ஊரோ மலைக்கு அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் அந்த அம்மா இறந்துபோனார் என்பது ஊரறிந்த கதை. "மலைதானே குறுக்கே நிற்கிறது, அதை உடைக்கிறேன்" என்று 1960-ல் உளியை எடுத்தார் மாஞ்சி. ஊர் 'பைத்தியம்' என்று சிரித்தது. 1982-ல் வேலை முடிந்தது. அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையே 55 கிலோமீட்டராக இருந்த தூரம் 15 ஆகக் குறைந்தது. 2015-ல் இந்தியில் சினிமாகூட எடுத்தார்கள்.

சினிமா பார்த்தவர்கள் கைதட்டிவிட்டு எழுந்து வந்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாஞ்சிக்குப் பித்தப்பையில் புற்றுநோய் வந்தது. 2007 ஆகஸ்ட் 17 அன்று அவர் உயிர் பிரிந்தது எங்கே தெரியுமா? டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில். கயாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்!

மனைவிக்காக 40 கிலோமீட்டரைக் குறைத்த மனிதருக்கு, தன் நோய்க்காக ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. மலையை ஒரு ஆள் உளியால் உடைத்துவிடலாம். ஆஸ்பத்திரியை ஒரு ஆள் உளியால் செதுக்க முடியுமா? முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே நாடு, பல ஆயுள்

"நோய் யாரையும் பார்த்து வருவதில்லை, பணக்காரன் ஏழை எல்லாம் ஒன்றுதான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோய் வருவது அப்படித்தான். ஆனால் நோயிலிருந்து பிழைப்பது அப்படி இல்லை. அது நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் நடக்கிறது.

ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது, கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்துபோகும் தாய்மார்கள் எத்தனை பேர்? மத்திய அரசின் 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி இந்தியா முழுவதற்கும் சராசரி 97. கேரளாவில் 19. தமிழ்நாட்டில் 54. உத்தரப்பிரதேசத்தில் 167. மத்தியப் பிரதேசத்தில் 173. அசாமில் 195.

19 எங்கே, 195 எங்கே? பத்து மடங்கு! பிரசவ வலி கேரளாவுக்கு ஒன்று, அசாமுக்கு ஒன்று என்று இருக்கிறதா? அதே கொடி, அதே தேசிய கீதம், அதே அரசியல் சட்டம். பிள்ளை பெற்றுப் பிழைத்து எழுவது மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

பச்சிளம் பிள்ளைகள் கணக்கும் அப்படியே. 2020-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளாவில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43.

இதெல்லாம் சுதந்திரத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். 1943-ல் போர் கமிட்டி அமைத்து, 1946-ல் அது அறிக்கையும் கொடுத்தது. காசு கொடுக்க முடியவில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது, மக்கள் வாழும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மருத்துவம் இருக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் சாரம். அறிக்கை அலமாரியில் இருக்கிறது. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?

காட்பாடி ஸ்டேஷனில் ஒரு காலை

ஒரு நாள் காலையில் காட்பாடி ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் ரயில்கள் நிற்கும். இறங்குகிறவர்கள் கையில் சூட்கேஸோடு பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்று இருக்கும். உள்ளே எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், திரிபுரா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இரண்டு நாள், மூன்று நாள் ரயிலில் படுத்தபடியே வந்த நோயாளிகளும் உண்டு. அவர்கள் போகிற இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஐடா ஸ்கடர் என்ற பெண் மருத்துவர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது அது.

அந்தத் தெருவில் நடந்தால் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும் இருக்கும். லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிட அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். "நம்ம ஊருக்கு என்ன பெருமை பாருங்கப்பா!" என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ரயில் டிக்கெட்டின் பின்னால் என்னென்ன இருக்கின்றன? விற்ற நிலம், அடகு வைத்த நகை, கூட வந்தவருக்குப் போன வேலை, பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளின் படிப்பு. நம் பெருமையின் மறுபக்கம் இன்னொருவரின் ஊரில் இல்லாத ஆஸ்பத்திரி!

இது ஏழை மாநிலங்களின் தலையெழுத்து மட்டும் என்று நினைக்காதீர்கள். கோதுமை விளையும் பணக்காரப் பஞ்சாபின் பதிண்டாவிலிருந்து ராஜஸ்தானின் பிகானேருக்குப் புற்றுநோயாளிகளை ஏற்றிச் சென்ற ஒரு பாசஞ்சர் ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'கேன்சர் ரயில்'. மும்பை டாடா ஆஸ்பத்திரிக்கு எதிரே பிளாட்பாரத்தில் படுத்து முறைக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றி நாம் எத்தனையோ செய்திகள் படித்திருக்கிறோம்.

'மருந்து' என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரித்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். இன்றைக்கு இந்தியாவின் பாதி மாவட்டங்களுக்கு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். அதன் பெயர் தூரம்.

கார்டு இருக்கிறது, கடை இருக்கிறதா?

"இப்போதான் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேன்டீனில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு உண்டு. தமிழ்நாட்டில் 2009-லேயே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. இவற்றால் பிழைத்தவர்கள் பலர். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் கார்டு என்பது பணம் கொடுக்கும் சீட்டு. அது ஆஸ்பத்திரி ஆகாது. ஏடிஎம்மே இல்லாத ஊரில் ஏடிஎம் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டைப் பையில் குத்தி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்! 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவரத்தை வைத்துப் போட்ட கணக்கில், நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு அரசு ஆஸ்பத்திரிப் படுக்கை சராசரியாக 55. பீகாரில் வெறும் 11. பணத்தைக் கார்டில் ஏற்றலாம். படுக்கையைக் கார்டில் ஏற்ற முடியுமா? கடைசியில் ஆஸ்பத்திரி நிறைய இருக்கும் ஊருக்குத்தான் கார்டுப் பணமும் போய்ச் சேரும். உள்ள இடத்தில் இன்னும் சேரும், இல்லாத இடம் இல்லாத இடமாகவே கிடக்கும்.

அடுத்த நண்பன் வேறு மாதிரி சொன்னான். "டாக்டருங்க கிராமத்துக்குப் போக மாட்டேங்கிறாங்க மச்சான். அதான் எல்லாத்துக்கும் காரணம்." இதிலும் பாதி உண்மை இருக்கிறது. சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் வேண்டும் என்பது விதி. அதில் அறுவை சிகிச்சை நிபுணர், பொது மருத்துவர், மகப்பேறு நிபுணர், குழந்தை நிபுணர் என்று நான்கு பேர் இருக்க வேண்டும். 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி நாடு முழுக்க இருக்க வேண்டிய நிபுணர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் இல்லை!

ஆனால் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டாமா? ஒரு மகப்பேறு டாக்டரை அந்த நிலையத்தில் உட்கார வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. ரத்தம் சேமிக்க வசதி இல்லை. ராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடாது. அவர் எப்படி சிசேரியன் செய்வார்? "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சீட்டு எழுதத்தான் முடியும். பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உயிரை எடுத்துவிடக் கூடியது. பெரிய ஆஸ்பத்திரி நான்கு மணி நேரத் தூரத்தில் இருந்தால், அந்தச் சீட்டு எதற்குச் சமம்? ஒரு டாக்டரை மட்டும் மாற்றல் போட்டு அனுப்பினால் போதாது. டாக்டர், நர்ஸ், ரத்தம், மருந்து, மின்சாரம், மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால்தான் அது ஆஸ்பத்திரி. ஒன்று குறைந்தாலும் அது கட்டடம்.

நம்ம ஊர் மட்டும் யோக்கியமா?

"அதெல்லாம் வடநாட்டுக் கதைப்பா, நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். காட்பாடி ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதே வேலூர் மாவட்டம். அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலைக்குச் சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் குழந்தை இறந்துபோனது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸாலும் மேலே ஏற முடியவில்லை. பெற்ற தாய், பிள்ளையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினாள்.

திரிபுராவிலிருந்து நோயாளி வந்து சேருகிற மாவட்டத்தில், அந்த மாவட்டத்துக் குழந்தையால் வந்து சேர முடியவில்லை!

அப்படியானால் பிரச்சினை வடக்கு, தெற்கு என்பது மட்டுமல்ல. மாநிலத்துக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் மலை, மலைக்குள் கடைசிக் குடிசை என்று அது இறங்கிக்கொண்டே போகிறது. சராசரி என்ற எண் இதையெல்லாம் போர்வை போட்டு மூடிவிடுகிறது. நம் தமிழ்நாட்டின் 54 என்ற எண்ணுக்குள்ளேயும் எத்தனையோ தூளி கட்டித் தூக்கிய பயணங்கள் இருக்கின்றன.

மாற்ற முடியாதா?

முடியும். முடிந்திருக்கிறது. வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. 2004-06-ல் பீகார், ஜார்க்கண்ட் இரண்டும் சேர்ந்த கணக்கில் தாய் இறப்பு 312. 2018-20-ல் பீகாரில் அது 118. அசாமில் 480 ஆக இருந்தது 195 ஆனது. இன்றைக்கும் அது அதிகம்தான். ஆனால் 14 வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. இடையில் நடந்தது என்ன? 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. கிராமத்துக்கு ஒரு ஆஷா பணியாளர் வந்தார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் தாய்க்கு உதவித்தொகை வந்தது. 108 வண்டி வந்தது. தலையெழுத்து என்றிருந்ததை ஏற்பாடு மாற்றியது.

தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்னே போனதற்கும் மந்திரம் எதுவும் இல்லை. 1995-லிருந்து மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கடைசி ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிறது. கிராமத்தில் பணி செய்யும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 மாவட்டங்களில் புது அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இவை எல்லாவற்றிலும் உள்ள பொதுவான விஷயம் என்ன? 'வசதி இருக்கும் இடத்துக்கு நோயாளி வரட்டும்' என்று விடாமல், நோயாளி இருக்கும் பக்கமாக வசதியை நகர்த்தியதுதான்.

நமக்கு இதில் என்ன வேலை?

இனி நம் கதைக்கு வருவோம். "நாம டிப்ளமோ. டாக்டருக்குப் படிக்கலை. நம்மால என்ன ஆகும்?" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இந்தக் கணக்கைப் பார்க்கும் வரை.

2015-ல் மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. அதற்காக நாட்டின் 29,000-க்கும் மேற்பட்ட அரசு மருத்துவ நிலையங்களில் இருந்த ஏழரை லட்சம் கருவிகளை எண்ணிப் பார்த்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யாமல் கிடந்தன! அதாவது சில மாநிலங்களில் மூன்று மெஷினுக்கு ஒன்று ரிப்பேர். ஃப்யூஸ் போயிருக்கும், போர்டு போயிருக்கும், ஒரு வால்வு அடைத்திருக்கும். பார்க்க ஆள் இல்லாததால் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். பெரிய நகரத்தில் மெஷின் நின்றால் கம்பெனி இன்ஜினியர் மறுநாள் வருவார். கடைக்கோடி மாவட்டத்துக்கு அவர் எப்போது வருவார்? மெஷினுக்கும் அந்தத் தூரம்தான் எமன்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக நாடு தவித்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் வைத்தார்கள். வைத்த பிறகுதான் தெரிந்தது, அதை ஓட்ட ஆள் வேண்டும் என்று! அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். கம்ப்ரசர், டிரையர், வால்வு, பைப்லைன், கன்ட்ரோல் பேனல்... நண்பர்களே, இது யாருடைய சிலபஸ்? நம்முடையதுதானே!

ஜெனரேட்டரும் லிஃப்டும் எலெக்ட்ரிகல். ஸ்டெரிலைசரும் ஏசியும் மெக்கானிக்கல். மானிட்டரும் எக்ஸ்ரேயும் எலெக்ட்ரானிக்ஸ். மலைச் சாலையும் பாலமும் சிவில். ஆஸ்பத்திரி டாக்டரால் மட்டும் ஓடுவதில்லை. அதன் பாதி, நம் கையில் இருக்கும் ஸ்பேனராலும் டெஸ்டராலும் ஓடுகிறது. பேஷன்ட் கட்டிலில் படுத்திருக்கும்போது மெஷின் நின்றுபோனால், அந்த நிமிஷம் அவருக்கு உயிர் கொடுப்பவன் ஒரு டெக்னீஷியன்தான்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை நம் மாணவர் பேரவை முன் வைக்கிறேன்.

ஒன்று: தாலுகா அளவில் உள்ள ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் டிப்ளமோ படித்த கருவிப் பராமரிப்பாளர் ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். மலை மாவட்டங்களிலும் பின்தங்கிய மாவட்டங்களிலும் முதலில் நிரப்ப வேண்டும். இது வேலை கேட்கும் கோரிக்கைதானே என்று சிலர் சொல்லலாம். ஆமாம், வேலைதான் கேட்கிறோம். ஓர் உயிரையும் காப்பாற்றும் வேலை!

இரண்டு: ஆஸ்பத்திரி எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் சிசேரியன் செய்யக்கூடிய, ரத்தம் ஏற்றக்கூடிய, பாம்புக்கடிக்கு மருந்து உள்ள இடத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று அரசு கணக்கெடுத்து வெளியிட வேண்டும். சராசரியை விடுங்கள். கடைசி வீட்டின் நிமிடத்தைச் சொல்லுங்கள்.

மூன்று: அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு, நம் வட்டாரத்தில் அந்த நிமிடக் கணக்கை நாமே எடுப்போம். சர்வே படித்திருக்கிறோம். கையில் போன் இருக்கிறது, அதில் வரைபடம் இருக்கிறது. மழைக்காலத்தில் எந்த ஓடை வழியை மறிக்கும், எந்தத் திருப்பத்தில் ஆம்புலன்ஸ் திரும்பாது என்று குறித்து, மாவட்ட ஆட்சியர் கையில் கொடுப்போம். வெறும் மனுவைத் தள்ளி வைக்கலாம். அளவோடு போகும் வரைபடத்தைத் தள்ளி வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

பட்டம் வாங்கியதும் சென்னை, பெங்களூரு என்று நாம் எல்லோரும் போவோம். தப்பில்லை, வீட்டுக் கஷ்டம் நமக்கும் உண்டு. ஆனால் டாக்டர்கள் கிராமத்துக்குப் போகவில்லை என்று குறை சொல்லும் நாமும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறோம் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம்மில் பத்துப் பேரில் ஒருவர் சொந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் மெஷினைப் பார்த்துக்கொள்ள நின்றாலும் அது சின்ன விஷயம் அல்ல.

தசரத் மாஞ்சி தூரத்தைத்தான் உடைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்காத அந்த மனிதர் ஒரு சுத்தியல், ஒரு உளியோடு 40 கிலோமீட்டரைக் குறைத்தார். ஒருவருக்கு 22 வருஷம் ஆனது. நம் கல்லூரியில் மட்டும் எத்தனை பேர் இருக்கிறோம்? நம் கையில் எத்தனை கருவிகள் இருக்கின்றன?

எஸ்டிமேட் போடுங்கள் நண்பர்களே!